அடுத்த சொல்லை ஊகிக்கும் இயந்திரம் மருத்துவத்தில் என்ன செய்யும்?

"ஏஐ புற்றுநோயைக் கண்டுபிடித்துவிட்டது" என்று ஒரு நாள் செய்தி வரும். மறுநாள், "ஏஐ பேச்சைக் கேட்டவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்" என்று இன்னொன்று வரும். இரண்டையும் படித்தவர் குழம்பிப்போய், "இது நல்லதா கெட்டதா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார். சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த இரண்டு செய்திகளில் வருவது பெரும்பாலும் ஒரே பொருள் அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று.

இந்தக் கட்டுரை ஏஐயில், அதாவது செயற்கை நுண்ணறிவில், ஒரு வகையை, ஜெனரேட்டிவ் ஏஐ என்று சொல்லப்படுவதை, மருத்துவத்தோடு சேர்த்து விளக்குகிறது. கணக்கும் நிரலும் தெரிந்திருக்க வேண்டாம். எழுதியதை எழுதியபடி நம்பாமல் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

## பிரிப்பவரும் எழுதுபவரும்

தபால் நிலையத்துக்கு வரும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடுகிறவர் ஒருவர். அதே கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் இன்னொருவர். இருவர் கையிலும் கடிதம்தான். ஆனால் முதலாமவர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. முன்னால் இருக்கும் பெட்டிகளில் எதில் போடுவது என்பதோடு அவர் வேலை முடிகிறது. இரண்டாமவர் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குகிறார். அவர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

மருத்துவத்தில் பல ஆண்டுகளாகப் புழங்குவது முதல் வகை ஏஐ. 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்படி ஒரு கருவிக்கு அனுமதி தந்தது. விழித்திரைப் படத்தைப் பார்த்து, சர்க்கரை நோயால் கண்ணுக்குக் கணிசமான பாதிப்பு வந்திருக்கிறதா இல்லையா என்று, மருத்துவர் அந்தப் படத்தைப் பார்க்காமலே அது சொல்லும். இரண்டே பெட்டிகள். அதனால் சோதிப்பதும் நேரடியானது. 900 பேரிடம் வைத்துப் பார்த்தார்கள், சரி எத்தனை, தவறு எத்தனை என்று எண்ணினார்கள்.

ஜெனரேட்டிவ் ஏஐ இரண்டாம் வகை. ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், வாக்கியமோ படமோ குரலோ மூலக்கூறின் வடிவமோ, முன்பு இல்லாத ஒன்றை ஆக்கித் தருவது. ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் பத்து விதமாகச் சரியாகச் சுருக்கலாம், நூறு விதமாகத் தவறாகவும் சுருக்கலாம். அங்கே எண்ணி மதிப்பெண் போட முடியாது, ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரு ஏஐ பிரிக்கிறது, இன்னொன்று ஆக்குகிறது. பிரிப்பது தவறினால் பெட்டி மாறும். ஆக்குவது எப்படித் தவறும் என்பதை முன்கூட்டியே பட்டியல் போட முடியாது.

## அடுத்து வரும் சொல்

செல்போனில் செய்தி தட்டும்போது அடுத்த சொல்லை அதுவே எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் அதுதான். அளவுதான் நினைத்துப் பார்க்க முடியாதபடி பெரியது. இதற்கு அடிப்படையான அமைப்பை மொழி மாதிரி என்கிறார்கள்: இதுவரை வந்த சொற்களைக் கொண்டு, அடுத்து எந்தச் சொல் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் நிரல். உண்மையில் அது முழுச் சொல்லாகக்கூட எடுப்பதில்லை, சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கையாள்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். நம் வசதிக்கு இங்கே சொல் என்றே வைத்துக்கொள்வோம்.

பயிற்சி எப்படி? புத்தகம், இணையப் பக்கம், ஆய்வுக் கட்டுரை என்று மலைபோன்ற எழுத்தைக் கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் அடுத்த சொல்லை மறைத்துவிட்டு ஊகிக்கச் சொல்கிறார்கள். தவறினால் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களைத் துளித்துளியாகத் திருத்துகிறார்கள். படித்ததை அது வரிக்கு வரி சேமித்து வைப்பதில்லை. சில வரிகள் அப்படியே பதிந்துவிடுவதுண்டு என்றாலும், மிஞ்சுவது பெரும்பாலும் இந்தத் திருத்தப்பட்ட எண்கள்தான்.

2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்புதான் இதில் திருப்பம். ஒரு சொல்லைப் படிக்கும்போது, அதே பத்தியில் வேறெந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்கும் அமைப்பு அது. "மருத்துவர் நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், ஏனென்றால் அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை." இதில் 'அது' மாத்திரை, 'அவர்' நோயாளி என்பது நமக்குச் சொல்லாமலே புரிகிறது. இந்தத் தொடுப்பை இயந்திரம் பிடிக்கத் தொடங்கியபின்தான் நீண்ட பத்திகள் தடம்மாறாமல் வரலாயின.

"வெறும் ஊகம்தானே" என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. "பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின்..." என்ற வரிக்குப் பின் 'கொடுக்கக் கூடாது' என்று சரியாக ஊகிக்க வேண்டுமானால், அந்த இரண்டு மருந்துகளும் ஒரே குடும்பம் என்பது ஏதோ ஒரு வடிவில் உள்ளே பதிந்திருக்க வேண்டும். நன்றாக ஊகிப்பதற்காகவே நிறைய அறிவு உள்ளே போயிருக்கிறது. ஆனால் போன வழி அதுதான், ஊகம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒவ்வொரு முறையும் அதிக வாய்ப்புள்ள சொல்லையே எடுத்தால் நடை வறண்டுபோகும் என்பதால், கொஞ்சம் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஒன்றை எடுக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு விடை வருவது இதனால்தான். அப்புறம், அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் மனிதர்களை வைத்து விடைகளுக்கு மதிப்பெண் போட்டு இன்னொரு சுற்று திருத்துகிறார்கள். அந்தப் பணிவும் "உங்கள் கவலை புரிகிறது" என்ற தொனியும் அங்கே வருபவை. கேட்பவர் மனம் கோணாமல் பேசும் வழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவத்தில் இது தொல்லை. "இது ஒன்றுமில்லை, அப்படித்தானே?" என்று கேட்டால் ஆமாம் போடும் பக்கம் அது சாயக்கூடும்.

சரளமாகப் பேசினால் விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற எளிய நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளரே அதனோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கேட்டதாக அவர் பின்னர் எழுதினார். அந்த நிரலில் மருத்துவ அறிவு ஒரு துளியும் கிடையாது.

## பிரமை ஏன் வருகிறது?

தேர்வில் தெரியாத கேள்விக்கும் மூன்று பக்கம் எழுதிவிட்டு வரும் மாணவனை எல்லாருக்கும் தெரியும். முன்னுரை இருக்கும், உட்தலைப்பு இருக்கும், கையெழுத்துகூட அழகாக இருக்கும். விஷயம் மட்டும் இருக்காது. மொழி மாதிரியும் இதைச் செய்கிறது: இல்லாத ஒன்றை இருப்பதுபோல் அடித்துச் சொல்கிறது. இதற்கு ஹாலுசினேஷன் என்று பெயர், இங்கே பிரமை என்போம்.

ஒரு வேறுபாடு. அந்த மாணவனுக்குத் தான் அளப்பது தெரியும். இயந்திரத்துக்குள் சரியான விடைக்கு ஒரு பொறி, தவறான விடைக்கு ஒரு பொறி என்று இரண்டு இல்லை. இரண்டும் ஒரே வழியில், ஒரே வேகத்தில், ஒரே தொனியில் வருகின்றன. இது அப்போதைக்கு ஏற்பட்ட பழுது என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்கித் தரும் திறமையின் மறுபக்கமே அதுதான். இதுவரை யாரும் எழுதாத வாக்கியத்தை எழுத முடிகிற இயந்திரத்தால், இதுவரை இல்லாத உடல் உறுப்பையும் எழுத முடியும்.

இது கேலிக்குச் சொன்னதல்ல. கூகுளின் மருத்துவ மாதிரியைப் பற்றி 2024இல் வந்த ஆய்வறிக்கையில், மூளைப் படம் ஒன்றின் விளக்கத்தில் 'பேசிலர் கேங்லியா' என்ற இடத்தில் பாதிப்பு என்று இருந்தது. மூளையில் பேசல் கேங்லியா என்ற பகுதி உண்டு, பேசிலர் ஆர்ட்டரி என்ற ரத்தக்குழாயும் உண்டு. இரண்டையும் ஒட்டவைத்த மூன்றாவது ஒன்று கிடையாது. ஒரு நரம்பியல் மருத்துவர் 2025இல் சுட்டிக்காட்டும் வரை பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ஓர் எழுத்துப் பிழைதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் வரும் நோய்க்குச் சிகிச்சை வேறு வேறு.

பிரமையைக் குறைக்க ஒரு வழி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுத விடுவது. கேள்வி வந்ததும் நம்பகமான மருத்துவ வழிகாட்டிகளில் தேடி, கிடைத்த பக்கங்களைப் பக்கத்தில் வைத்து விடை எழுதவைக்கிறார்கள். பலன் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இடம் மிச்சமிருக்கிறது.

ஆக, இந்த இயந்திரம் எங்கே உதவும் என்பதற்கு ஒரே கேள்விதான் எனக்குப் பயன்படுகிறது: இந்த வேலையில் ஆக்குவது கஷ்டமா, சரிபார்ப்பது கஷ்டமா? ஆக்குவது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம் என்றால் இதைப் போன்ற உதவி வேறு இல்லை. சரிபார்ப்பதுதான் கஷ்டம் என்றால் அங்கே அழகான கையெழுத்துக்கு மயங்கும் ஆபத்து காத்திருக்கிறது. இனி வரும் உதாரணங்களை இந்த அளவுகோலோடு படியுங்கள்.

## மருத்துவர் பேச, இயந்திரம் எழுத

பெரிய பரபரப்பு இல்லாமல் அதிகம் பரவியிருப்பது எழுத்து வேலை. நோயாளியோடு பேசும்போது மருத்துவர் பாதி நேரம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது உலகம் முழுக்க உள்ள குறை. இப்போது நோயாளியின் சம்மதத்தோடு உரையாடலைக் கேட்டு, அதிலிருந்து மருத்துவக் குறிப்பை வரைவாக எழுதித் தரும் மென்பொருட்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் பெர்மனன்ட்டே மருத்துவக் குழுமம் 2023இல் இதைத் தொடங்கியபோது, 10 வாரங்களில் 3,442 மருத்துவர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளில் பயன்படுத்தினார்கள்.

அளவுகோலை வைத்துப் பாருங்கள். குறிப்பை எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். சரிபார்ப்பவரோ அந்த உரையாடலில் இருந்தவரே, சில நிமிடம் முன்பு பேசியது அவருக்கு நினைவிருக்கும். பொருத்தமான வேலைதான்.

ஆனால் பேச்சை எழுத்தாக்குவதிலும் பிரமை உண்டு. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வந்த ஒரு கட்டுரை, சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்ததாகச் சொன்னது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்த இடங்களில் இது கூடுதல். மௌனம் வந்தால் மனிதர் பேனாவை நிறுத்துவார். அடுத்த சொல்லை ஊகிப்பதே தொழிலாக உள்ள இயந்திரம் அங்கேயும் எதையாவது ஊகிக்கிறது. நூறில் ஒன்று என்பது சின்ன எண் போலத் தெரியும், அதுவே ஒரு வலையும் ஆகிறது. தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருந்ததைப் பார்த்துப் பழகிய கண், நூறாவதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடும்.

## மருந்துக்கும் எழுத்து உண்டு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நோய்க்குக் காரணமான புரதத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், மருந்து அதற்குள் பொருந்தும் சாவி. மருந்தாகக்கூடிய அளவில் இருக்கும் சிறு மூலக்கூறுகள் எத்தனை சாத்தியம் என்று கேட்டால், வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யங்கள். அத்தனை சாவிகளையும் செய்து பார்ப்பது நடக்காத காரியம். அதனால் இதுவரை பழக்கமான சாவிகளைக் கொஞ்சம் தேய்த்தும் கொஞ்சம் வளைத்தும்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் ஒரு நல்ல வசதி. மூலக்கூறைப் படமாக வரைவதற்குப் பதில், எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த ஒற்றை வரியாகவே எழுதும் முறை வேதியியலில் நெடுங்காலமாக இருக்கிறது. புரதமும் அப்படியே. இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் அது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்தால் நீண்ட சொல் போல ஆகிவிடும். எழுத்தாகிவிட்டால் அப்புறம் என்ன, மொழி மாதிரி படித்துக்கொள்ளும். இந்த மொழியில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும், எது வரவே வராது என்று கற்றுக்கொண்டு, யாரும் எழுதாத புதிய 'சொற்களை' எழுதும்.

இன்னொரு முறை டிஃப்யூஷன். நல்ல படம் ஒன்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவிக்கொண்டே போனால் கடைசியில் வெறும் இரைச்சல் மிஞ்சும். இதைப் பின்னோக்கிச் செய்ய, அதாவது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இரைச்சலைத் துடைக்க, இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். பழகியபின் வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கினாலும் ஒரு படம் துலங்கி வரும். படத்துக்குப் பதில், தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் அமினோ அமிலங்களை வைத்துத் தொடங்கினால் புதிய புரதம் துலங்கும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் டேவிட் பேக்கரின் குழு 2023இல் வெளியிட்ட ஆர்எஃப்டிஃப்யூஷன் இப்படித்தான் புரதங்களை வடிவமைக்கிறது. பேக்கருக்குப் புரத வடிவமைப்புக்காக 2024 வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசின் மறுபாதி, இருக்கும் புரதங்கள் எப்படி மடிகின்றன என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. ஒரு பாதி புதிதாக ஆக்குவதற்கு, மறு பாதி இருப்பதைக் கணிப்பதற்கு என்று பரிசே பிரிந்து நின்றதைக் கவனியுங்கள்.

சரி, எழுதிய சாவி பூட்டைத் திறக்குமா? எம்ஐடி ஆய்வாளர்கள் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்கு எதிராக 3.6 கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினியில் உருவாக்கி, 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றை வடிகட்டி வடிகட்டி, கடைசியில் ஆய்வகத்தில் செய்து பார்த்தவை 24. பாக்டீரியாவைத் தாக்கியவை 7. அவற்றில் இரண்டு எலிகளிடம் நல்ல பலன் காட்டின. கணினி 'எழுதிய' மூலக்கூறுகளில் பலவற்றை எந்த வேதியியலாளராலும் செய்யவே முடியாது, தாளில் மட்டும் அழகாக நிற்கும். பிரமைதான், ஆனால் இங்கே அது யாரையும் கொல்லாது. குடுவையில் வராவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

மனிதர்கள் வரை வந்ததும் உண்டு. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய் ஒன்று இருக்கிறது. இன்சிலிக்கோ மெடிசின் என்ற நிறுவனம் அதற்கான பூட்டை ஏஐ மூலம் தேர்ந்தெடுத்து, சாவியையும் ஜெனரேட்டிவ் ஏஐ மூலம் வடிவமைத்தது. மருந்தின் பெயர் ரென்டோசெர்டிப். சீனாவில் 71 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்த முடிவு 2025இல் வந்தது. ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, அதிக அளவில் மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 98 மில்லிலிட்டர் கூடியிருந்தது, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 20 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனையின் முதல் நோக்கம், ஆட்களும் கொஞ்சம், கல்லீரல் பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்களும் இருந்தார்கள்.

"ஏஐ மருந்து கண்டுபிடித்துவிட்டது" என்ற தலைப்பைப் பார்த்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள்: கணினியிலா, குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்றுப்போகின்றன. ஏஐ முதல் படிகளைச் சுருக்குகிறது. உடம்பு எடுத்துக்கொள்ளும் காலத்தை அது சுருக்குவதில்லை.

இதையும் அளவுகோலில் வைப்போம். சாவியை எழுதுவது கஷ்டம். சரிபார்க்க நேரமும் பணமும் ஆகும், ஆனாலும் வழி தெளிவானது, யாருடைய கருத்தையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் இங்கே பிரமைகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகிறது.

## தேர்வில் முதல் மதிப்பெண், வீட்டில்?

கூகுளின் மெட்-பாம் 2 என்ற மாதிரி, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுப் பாணிக் கேள்விகளில் 2023இல் 86.5 சதவீதம் எடுத்தது. அதைக் கேட்டதும், "அப்படியானால் மருத்துவர் எதற்கு?" என்ற பேச்சு கிளம்பியது.

தேர்வுக் கேள்வியை ஒரு தடவை பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வயது, அறிகுறி, எத்தனை நாள், பரிசோதனை முடிவு என்று தேவையான விவரமெல்லாம் ஒரே பத்தியில் அடுக்கி வைத்திருப்பார்கள். தேவையில்லாதது அதிகம் இருக்காது. நிஜ நோயாளி அப்படியா வருகிறார்? "ஒரு மாதிரி இருக்கிறது" என்றுதான் தொடங்குவார்.

ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். மருத்துவர்கள் எழுதிய நோய்க் கதைகளைக் கொடுத்து, என்ன நோயாக இருக்கலாம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கதையை நேரே மொழி மாதிரியிடம் கொடுத்தபோது 94.9 சதவீதம் பொருத்தமான நோயைச் சொன்னது. அதே மாதிரியை மக்கள் கையில் கொடுத்து, நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றபோது 34.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வழக்கம்போல இணையத்தில் தேடியவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை.

அறிவு எங்கே தொலைந்தது? உரையாடலில். மக்கள் முக்கியமான விவரத்தைச் சொல்லாமல் விட்டார்கள், ஏனென்றால் எது முக்கியம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்தால் பாதி மருத்துவர் ஆகிவிடலாமே! இயந்திரமும் கேட்டதற்கு விடை சொன்னதே தவிர, குடைந்து விசாரிக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவின் அறிகுறியை இருவர் ஏறத்தாழ ஒரே மாதிரி விவரித்தும், இருவருக்கும் நேர் எதிரான ஆலோசனை கிடைத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது.

தமிழில் கேட்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. 'மயக்கமாக இருக்கிறது' என்கிறோம். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம், தூக்கம் சொக்குவதும் மயக்கம். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம், வேறு அவசரம். தமிழ் தெரிந்த மருத்துவர் உடனே "எப்படி மயக்கம்?" என்று திருப்பிக் கேட்பார். ஆங்கில எழுத்தையே பெரும்பாலும் படித்து வளர்ந்த இயந்திரம், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

மருத்துவர் கையில் கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 50 மருத்துவர்களிடம் நடந்த 2024 ஆய்வில், நோயறிதல் சோதனையில் ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 மொழி மாதிரியைப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதமும் பயன்படுத்தாதவர்கள் 74 சதவீதமும் எடுத்தார்கள். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஜிபிடி-4 தனியாக எடுத்ததோ இவர்களைவிடக் கணிசமாக அதிகம். கருவி நல்லதாக இருப்பது வேறு, அது வேலைக்குள் பொருந்துவது வேறு.

பொருந்திய கதையும் ஒன்று சொல்ல வேண்டும். கென்யாவின் நைரோபியில் பெண்டா ஹெல்த் என்ற அமைப்பின் 15 மருத்துவ மையங்களில், மருத்துவப் பணியாளர் குறிப்பு எழுத எழுத, பின்னணியில் மொழி மாதிரி அதைப் படித்துக்கொண்டிருந்தது. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஒருமுறை பாருங்கள், சிவப்பு என்றால் பார்க்காமல் மேலே போகாதீர்கள். அங்கே அது நோயைச் சொல்லும் மருத்துவர் அல்ல, தோளுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கும் சக ஊழியர். 2025இல், ஏறத்தாழ 40,000 வருகைகளை ஒப்பிட்டு வந்த அறிக்கையில், அதைப் பயன்படுத்தியவர்களிடம் நோயறிதல் பிழைகள் 16 சதவீதமும் சிகிச்சைப் பிழைகள் 13 சதவீதமும் குறைவாக இருந்தன. மாதிரியைச் செய்த ஓபன்ஏஐயும் அந்த ஆய்வில் பங்காளி என்பதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனாலும் யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. மனிதர் எழுத, இயந்திரம் சரிபார்க்கிறது. வேலைப் பங்கீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சுருக்கம்: தேர்வு மதிப்பெண் என்பது விவரம் முழுமையாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கான அளவு. விவரத்தைக் கறந்தெடுப்பதுதான் மருத்துவத்தில் பாதி வேலை, அதை அந்தத் தேர்வு சோதிப்பதில்லை.

## வேறொரு கேள்விக்கான சரியான விடை

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது செய்தி கற்பனை அல்ல. 2025இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 60 வயதுக்காரர் ஒருவர், உப்பு கெடுதல் என்று படித்துவிட்டு, அதிலிருக்கும் குளோரைடை உணவிலிருந்து நீக்க நினைத்தார். சாட்ஜிபிடியிடம் கேட்டபின், சமையல் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை இணையத்தில் வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். புரோமைடு நஞ்சாகி, பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். அங்கே இல்லாததெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியத் தொடங்கி, மூன்று வாரம் இருக்க வேண்டியதாயிற்று.

இயந்திரம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. குளோரைடுக்குப் பதில் புரோமைடு என்பது சில இடங்களில் சரியான விடைதான், துப்புரவு வேலை போன்றவற்றில். அவர் மனதில் இருந்தது சாப்பாடு. மருத்துவரோ மருந்தாளரோ இருந்திருந்தால், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

படித்த எழுத்தில் இருக்கும் கோணல்களும் உள்ளே வந்துவிடுகின்றன. சிறுநீரகச் செயல்பாடு, நுரையீரல் கொள்ளளவு போன்றவற்றில், இனத்துக்கு இனம் உடல் வேறு என்று முன்பு மருத்துவம் நம்பிக் கைவிட்ட கருத்துகளைச் சில மாதிரிகள் திரும்பச் சொன்னதை 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தரங்கம் பற்றி ஒரு வரி: மருத்துவரிடம் சொன்னதைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு, பொதுவான சாட்பாட்டில் தட்டியதற்கு அந்தக் காவல் பெரும்பாலும் கிடையாது. பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அறிக்கையை ஒட்டுங்கள்.

## நீங்கள் பயன்படுத்துவதானால்

நெஞ்சு அடைக்கிறது, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் தட்டச்சு செய்ய உட்கார வேண்டாம், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் அளவை மாற்றவும் இதைக் கேட்க வேண்டாம்.

மற்றபடி பயமில்லாமல் பயன்படுத்த இடங்கள் இருக்கின்றன. மருத்துவர் சொன்ன நோயின் பெயரை எளிய மொழியில் விளக்கச் சொல்லலாம். ஆய்வக அறிக்கையில் இருக்கும் சுருக்கெழுத்துகளுக்கு அர்த்தம் கேட்கலாம். அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தரச் சொல்லலாம், அதில் இரண்டு அபத்தமாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

நான் கையாளும் ஒரு சின்ன உத்தி உண்டு. விடை வந்ததும், "எந்த விவரத்தை நான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன், எதைச் சொன்னால் இந்த விடை மாறும்?" என்று கேட்பேன். ஒரு முறை மயக்கம் என்று எழுதியதற்கு, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று முழுப் பக்கத்துக்கு அறிவுரை வந்தது. இந்தக் கேள்வியைப் போட்டதும்தான் அது கேட்டது: தலை சுற்றியதா, இல்லை நினைவே தப்பியதா, விழுந்தபோது தலையில் அடிபட்டதா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஏதாவது புதிதாகத் தொடங்கினீர்களா என்று. அந்த நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.